அருமைராசாவின் பேரில்

மொன்றியலில் காலை ஐந்து பத்து.

ஜேர்மனியில் பதினொன்று பத்து. தம்பி பாண் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, நான்கு மணித்தியாலம் படுத்து எழும்பி, கோப்பி போடுகிற நேரம். எலிசாவுக்கு ஆறரைக்கு பஸ். இடையில் கிடைக்கும் இந்த நேரத்தில்தான் இருவரும் கதைப்பார்கள். கிழமையில் மூன்று நாள். சில நாட்களில் கதைக்க ஒன்றும் இருக்காது. அவன் கோப்பி உறிஞ்சும் சத்தம் இங்கே கேட்கும். அவள் தேத்தண்ணி ஆற்றும் சத்தம் அங்கே கேட்கும். அது போதும்.

இன்று கதைக்க இருந்தது. மேசையில் ஒரு பொதி கிடந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் அவள் தம்பிக்கு அனுப்பியது. நேற்றுப் பின்னேரம் திரும்பி வந்துவிட்டது. உள்ளே ஒரு கிலோ கறித்தூள், ஒரு வெள்ளைச் சேட், பேத்தியின் ஞானஸ்நான அழைப்பிதழ். மேலே ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. அதிலிருந்த ஜேர்மன் எழுத்தை வாசிக்க அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில், திரும்பி வருகிற பொதிகளைப் பிரிப்பதுதான் பதினொரு வருடமாக அவள் வேலை. எந்தக் கட்டத்தில் புள்ளடி விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும். ஆள் இல்லை. ஆள் மறுத்துவிட்டார். முகவரி பிழை. இதில் முதல் கட்டத்தில் விழுந்திருந்தது.

"தம்பி, வீடு மாறினியோ?"

"இல்லையே."

"பாசல் திரும்பி வந்திட்டுது. ஆள் இல்லையெண்டு போட்டிருக்கிறாங்கள்."

கோப்பிச் சத்தம் நின்றது.

"ஆற்றை பேருக்கு அனுப்பினனீங்கள்?"

"இதென்ன கேள்வி. வழமையாப் போடுற பேருக்குத்தான்."

"அப்ப சரியாத்தான் எழுதியிருக்கிறாங்கள் அக்கா. அந்தப் பேரில இஞ்ச ஆரும் இல்லை."

அவள் தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

"வாசல் மணியிலயும் கடிதப் பெட்டியிலயும் பேரை மாத்திப்போட்டன்," என்றான். "பெப்ரவரியிலேயே."

"என்னெண்டு?"

"ஜெறோம் எண்டு. அப்பான்ரை பேரோட. நீக்கிலாப்பிள்ளை ஜெறோம்."

அவனுடைய பேரை அவனே சொல்லி அவள் கேட்டு முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது. அவளும் சொன்னதில்லை. முதலில் பயத்தில், ஒட்டுக்கேட்பார்கள் என்று, தொலைபேசியில் தம்பி என்று மட்டும் சொன்னாள். பிறகு பயம் போய்விட்டது. பழக்கம் இருந்துவிட்டது.

"அந்தப் பேர் அங்க ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியுமே," என்றான்.

*

பொதியில் எழுதியிருந்த பேரை, அருமைராசா என்பதை, அவனுக்கு வாங்கிக் கொடுத்தது எலிசாதான்.

1989, திருகோணமலை. ஜெறோமுக்குப் பத்தொன்பது வயது. அவளுக்கு இருபத்திரண்டு. ஒரு சுற்றிவளைப்பில் படையினர் அவனைப் பிடித்து இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு விட்டார்கள். விடும்போது பேரை எழுதிக்கொண்டார்கள். ஒருமுறை எழுதிய பேருடையவர்கள் இரண்டாம் முறை பிடிபட்டால் திரும்பி வருவதில்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் வீட்டுக்கு வந்தான். இந்தப் பேரோடு கொழும்பு விமான நிலையத்தைத் தாண்ட ஏலாது என்றான். வேறு ஏதும் பேர் இருக்கிறதா என்று, கடையில் வேறு அளவுச் செருப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்டான்.

பக்கத்து ஒழுங்கையில் அருமைராசா என்று ஒரு பொடியன் இருந்தான். ஜெறோமின் வகுப்பு. முந்தைய வருடம் செங்கமாரி வந்து செத்துப்போனான். அப்போது ஊரடங்கு. பிரேதத்தை எடுத்ததே பெரிய காரியம். மரணத்தைப் பதிய யாரும் போகவில்லை. ஆகவே பதிவுக் கந்தோர்ப் புத்தகத்தில் அவன் இன்னும் உயிரோடு இருந்தான்.

எலிசா தனியாகப் போனாள். அருமைராசாவின் தாய் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் கத்தியை வைத்தாள். கையைக் கழுவினாள். உள்ளே போய் றங்குப்பெட்டியைத் திறந்தாள். பிறப்புச் சான்றிதழ் ஒரு பொலித்தீன் பையில் இருந்தது.

"வைச்சிருந்து நான் என்ன செய்ய," என்றாள். "பேராவது எங்கையாவது போய் இருக்கட்டும்."

எலிசா படலைவரை வந்த பிறகு, பின்னால் வந்து ஒன்று கேட்டாள்.

"கடிதம் போடேக்க அந்தப் பேரிலேயே போடுவியளோ பிள்ளை?"

எலிசா ஓம் என்றாள். அப்படித்தான் போட்டாள். நத்தார் வாழ்த்து, படங்கள், தூள், பெனியன். உறையின் மேல் முதலில் அந்தப் பேரை எழுதுவாள். எழுதும்போது ஒவ்வொரு தடவையும் மீன் மணக்கும் அந்தக் கை ஞாபகம் வரும். அருமைராசாவின் தாய் செத்தும் இருபது வருடமாகிவிட்டது.

ஜேர்மனியில் அந்தப் பேரை வைத்துக்கொண்டு ஜெறோம் நான்கு முகாம்களில் இருந்தான். அதே பேரில் விசா கிடைத்தது. 2011இல் பாஸ்போட் கிடைத்தது. இடையில் ஒரு கலியாணம் பேசினார்கள். பெண் மன்னார்ப் பக்கம், வேதக்காரர். கோவிலில் கலியாணம் செய்ய ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். அதில் அவன் ஜெறோம். கந்தோரில் பதிய அடையாள அட்டை வேண்டும். அதில் அவன் அருமைராசா. எந்த மாப்பிள்ளைக்கு மகளைத் தருவது என்று பெண்ணின் தகப்பன் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். கலியாணம் நடக்கவில்லை. பேரைத் திருத்தலாமா என்று அவன் ஒரு சட்டத்தரணியிடம் போனான். திருத்துவதென்றால் முதலில் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுத்தால் தந்ததைப் பறிப்பார்கள், பேசாமல் இருங்கள் என்று அவர் சொன்னார். பேசாமல் இருந்தான்.

அவர்கள் சந்திக்கவும் இல்லை. முதலில் அவனுக்கு வெளியே போக அனுமதி இல்லை. பிறகு எலிசாவுக்குப் பிள்ளை, வேலை, கணவனின் நெஞ்சு வருத்தம். கடைசியில் 2020 ஏப்ரலுக்கு அவன் ரிக்கெற் போட்டான். விமானங்கள் நின்றன. அவன் ஒரு வருடம் வீட்டுக்குள் இருந்தான். அந்த வருடம்தான் மேல்மாடியில் இருந்த உலி என்பவன் கதவைத் தட்டி, பழைய ஜேர்மன் இராச்சியம் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம் தந்தான்.

*

"ஜேர்மனி ஒரு நாடில்லை அக்கா," என்று அவன் அடுத்த முறை விளக்கினான். அவள் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். "ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சாப் பிறகு ஒழுங்கான சமாதான ஒப்பந்தம் எழுதேல்ல. அதால பழைய இராச்சியம் சட்டப்படி இப்பவும் இருக்கு. இப்ப இருக்கிறது ஒரு கொம்பனி. அடையாள அட்டை எண்டது கொம்பனி தன்ரை வேலையாளுக்குக் குடுக்கிற அட்டை. அதில இருக்கிறது மனிசன்ரை பேர் இல்லை. கொம்பனி உண்டாக்கின பேர். உயிருள்ள மனிசன் வேற."

இராச்சியம், ஒப்பந்தம், கொம்பனி ஒன்றும் எலிசாவுக்கு விளங்கவில்லை. அட்டையில் இருப்பது உன் பேர் இல்லை என்பது விளங்கியது. அந்த நாட்டில் எத்தனையோ பேருக்கு அது வெறும் பேச்சு. அவள் தம்பிக்கு மட்டும் அது உண்மை.

"பாஸ்போட் எங்க?"

"கந்தோரில திருப்பிக் குடுத்திட்டன். மார்ச்சில. அட்டையையும்."

"குடுத்திட்டியோ?"

"என்வலப்பில போட்டுக் குடுத்தன். அந்தப் பொம்பிளை வேண்டமாட்டன் எண்டாள். மேசையில வைச்சிட்டு வந்திட்டன். பேந்து கடிதம் போட்டிருக்கிறாள். மேசை லாச்சியில வைச்சிருக்கிறாளாம், மனம் மாறினா வந்து எடுக்கட்டாம்."

"எடன்."

"மனம் மாறேல்லையே."

ஜூன் பதினாறாம் திகதி ஞானஸ்நானம். பேத்திக்கு ஞானத்தகப்பனாக நிற்பதற்கு அவன் நத்தாரிலேயே ஓம் சொல்லியிருந்தான். அதைச் சொன்னபோது அவன் அழுதான் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

*

கர்க்லாண்டில் மகள் லோஜினியின் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். மேலே மகள், மருமகன், குழந்தை. கீழே எலிசாவும் கணவன் ஞானேந்திரனும். சாப்பாட்டு மேசை ஒன்றுதான். மருமகன் சாராயத் தவறணைகளுக்குக் குளிர்சாதனப் பெட்டி பூட்டப் போய், கிழமையில் பாதி வீட்டில் இருக்கமாட்டான். குழந்தைக்கு மியா என்று பேர். மூன்று பாஷையிலும் உடையாத பேர் வேண்டும் என்று லோஜினி தேடி எடுத்தது.

லோஜினி குழந்தைக்கு ஊட்டியபடி ஃபோனில் தேடி வாசித்தாள். அவளுக்கு முகம் மாறியது.

"அம்மா, இது பகிடி இல்ல. இந்த ஆக்களில கொஞ்சப் பேர் துவக்கோட பிடிபட்டிருக்கினம். கவர்மென்ற்ற கவிழ்க்கப் போனவையாம்."

"உன்ரை மாமா ஒரு எலியைக் கூட அடிக்கமாட்டான்," என்றாள் எலிசா.

"அது தெரியும். ஆனா இவை எங்கட ஆக்கள நாட்டை விட்டுத் துரத்தச் சொல்லுற ஆக்கள். மாமா கண்ணாடி பாக்கிறேல்லையா?"

ஞானேந்திரன் சோற்றைப் பிசைந்தான். இருபத்தாறு வருடமாகத் துறைமுகத்திலிருந்து கொண்டெய்னர் இழுக்கிறவன்.

"முதல் ஒரு நாட்டை விட்டு ஓடினான்," என்றான். "இப்ப ஓடி வந்த நாடே இல்லையெண்டுறான். நல்ல கெட்டிக்காரன். சம்பளம் ஆற்றை பேரில வருதாம்?"

"அருமைராசான்ரை பேரிலதான்," என்றாள் எலிசா.

"அதை மட்டும் கொம்பனி குடுக்கட்டுமாம் என்ன."

லோஜினி சிரித்தாள். எலிசாவும் சிரிக்கப் பார்த்தாள்.

"இஞ்சரும், கேளும்," என்றான் ஞானேந்திரன். குரல் இறங்கியிருந்தது. "கேற்றில கொண்டெய்னர் நம்பரைப் பாப்பாங்கள், தாளைப் பாப்பாங்கள். ரெண்டும் பொருந்தினாத் திறப்பாங்கள். உள்ளுக்குத் தங்கம் இருக்கோ தவிடு இருக்கோ, அது அவங்களுக்குத் தேவையில்லை. இவன் தாளைக் கிழிச்சுப்போட்டு உள்ளுக்கு இருக்கிறதைப் பாருங்கோ எண்டு நிக்கிறான். ஆர் பாப்பான்?"

எலிசா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். தம்பியிடம் இதையே வேறு விதமாகக் கேட்டிருந்தாள். அந்த ஆட்கள் உன்னைச் சேர்க்கிறார்களா என்று.

"எல்லாரும் இல்லை," என்று அவன் சொல்லியிருந்தான். "நான் போய்க் குந்தினா ரெண்டு பேர் எழும்பிப் போவாங்கள். பரவாயில்லை. உலி முதல் நாள் என்னட்ட என்ன கேட்டவன் தெரியுமே? உன்ரை உண்மையான பேர் என்ன எண்டு கேட்டவன். முப்பத்தைஞ்சு வருசத்தில, அக்கா, ஒருத்தனும் கேக்கேல்ல."

*

மே மாத நடுவில் அவன் ஒரு படம் அனுப்பினான். எலிசா அதைக் களஞ்சியத்தில், இடைவேளையில் பார்த்தாள்.

கடும் நீல நிறத்தில் ஒரு பாஸ்போட். மேலே கழுகு. உள்ளே அவன் படம். தலை நரைத்து, கன்னம் விழுந்து, வெள்ளைச் சேட்டோடு. பக்கத்தில் அச்செழுத்தில் ஜெறோம், நீக்கிலாப்பிள்ளை குடும்பத்தவன் என்று இருந்தது. பிறந்த திகதி சரியாக இருந்தது. அருமைராசாவின் திகதி அல்ல. மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் திருநாள். அம்மா வலி எடுத்துக் கோவிலில் இருந்து நடந்து வந்த நாள்.

அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தப் பேர் அச்சில் இருந்து அவள் கண்டதில்லை. கோவில் புத்தகத்தில் சுவாமியின் கையெழுத்தில் இருந்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூட றிப்போட்டுகள் வீட்டோடு எரிந்துபோயின. அவள் பெட்டிகளுக்கு நடுவில், மணி அடித்த பிறகும் இருந்தாள். மேற்பார்வையாளர் பெண் வந்து, எல்லாம் சரியா என்று பிரெஞ்சில் கேட்டாள். சரி என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின் போது படத்தை லோஜினி பார்த்தாள். ஒரு பார்வைதான்.

"இது விளையாட்டுச் சாமான் அம்மா. இதை ஒரு ஏர்போட்டிலயும் எடுக்க மாட்டினம். பிரின்ற் பண்ணி விக்கிறாங்கள்."

"ஓம்."

"மாமாக்குச் சொல்லுங்கோ. கந்தோருக்குப் போய் மற்றதை எடுக்கச் சொல்லுங்கோ. கனடாக்கு ஒன்லைன்ல பதியவும் அந்த நம்பர்தான் வேணும். ரைம் இருக்கு. நீங்க சொன்னாக் கேப்பார்."

"சொல்லுறன்," என்றாள் எலிசா.

அடுத்த நாள் ஐந்து பத்துக்கு அவன் குரலில் பத்தொன்பது வயது இருந்தது. ஜூன் பதின்மூன்றாம் திகதிக்கு ரிக்கெற் போட்டுவிட்டான். அந்தப் பேரிலேயே. இணையத்தில் யாரும் தடுக்கவில்லை, பார்த்தீர்களா என்றான். கனடாவுக்குப் பதிகிற இடத்தில் மட்டும் நம்பரை எடுக்கவில்லை, அது கொம்பனிகளுக்குள் இருக்கிற ஏற்பாடு, நேரில் போனால் விளங்கப்படுத்தலாம் என்று உலி சொன்னானாம். வரும்போது என்ன கொண்டுவர என்று கேட்டான். குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிவிட்டான். பிறகு, "நான் இறங்கி வரேக்க என்னை என்னெண்டு கூப்பிடுவீங்கள்?" என்றான்.

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வசனம். அதைச் சொன்னால் அவன் வைத்துவிடுவான். கோப்பிச் சத்தமும் இருக்காது.

"என்னெண்டு கூப்பிடுறது? தம்பி எண்டுதான்," என்றாள். "கணவாய் வேண்டி வைக்கட்டோ?"

"வையுங்கோ," என்றான்.

அதன்பிறகு பன்னிரண்டு தடவை கதைத்தார்கள். பன்னிரண்டு தடவையும் அவள் சொல்லவில்லை. சொன்னீங்களா என்று லோஜினி கேட்டபோது ஓம் என்றாள். ஞானேந்திரன் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், "நீர் போயிட்டு வாருமன். நான் லீவெடுத்துப் பிள்ளையைப் பாக்கிறன்," என்றான்.

"போறன். ஆனா இந்த முறை அவன் வாறான்," என்றாள் அவள். "அவன் வந்து இந்தக் கதிரையில இருக்க வேணும். ஒருக்கா."

ஞானேந்திரன் கதிரையைப் பார்த்தான்.

கோவிலில் ஞானத்தகப்பனுக்குச் சான்றிதழ் கேட்டார்கள். திருகோணமலைக் கோவிலுக்கு எழுதி, ஜெறோமின் ஞானஸ்நானப் பிரதி ஒன்றை எடுப்பித்தாள். அது பத்து நாளில் வந்தது. அது மட்டும் ஒரு தடையும் இல்லாமல் வந்தது.

*

பதின்மூன்றாம் திகதி வியாழக்கிழமை. எலிசா லீவு. ஞானேந்திரனும் லீவு போட்டு, பின்னேரம் டோர்வால் விமான நிலையத்துக்குப் போவதற்காகக் காரைக் கழுவினான். கழுவும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கணவாய் முதல்நாளே வாங்கித் துப்புரவாக்கி வைத்தாயிற்று. கீழ் அறையில் புதுத் தலையணை உறை. திரும்பி வந்த பொதியிலிருந்த வெள்ளைச் சேட்டை மடிப்புக் குலையாமல் கட்டிலில் வைத்திருந்தாள்.

எட்டரைக்குத் தொலைபேசி அடித்தது.

"அக்கா."

பின்னால் அறிவிப்புகள் கேட்டன. பெட்டிகள் உருளும் சத்தம்.

"சொல்லு."

"விடேல்ல."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"கவுண்டரில இருந்த பிள்ளை வாங்கிப் பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்ல. சிரிச்சிருந்தாலும் பரவாயில்லை. பாவம் எண்டு பாத்தவள். பேந்து பொலிஸ் வந்தது. மரியாதையாத்தான் கதைச்சாங்கள். பேர் கேட்டாங்கள், சொன்னன். எழுதினாங்கள். வேற பேர் இருக்கோ எண்டு கேட்டாங்கள். இல்லை எண்டன். விலாசம் கேட்டு மெசினில அடிச்சாங்கள். திரையை என்ரை பக்கம் திருப்பிக் காட்டினாங்கள் அக்கா. என்ரை படம். கீழ அருமைராசா."

"பிறகு?"

"இது நீங்கள்தானே எண்டு கேட்டாங்கள்."

"என்ன சொன்னனி?"

அவன் மூச்சு விடுவது கேட்டது.

"படம் நான்தான் எண்டன்."

நீல பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு ஒரு தாள் கொடுத்தார்களாம். கொலுசை அவனிடமே விட்டார்களாம். இப்போது ரயிலுக்கு நிற்கிறானாம். பிறகு அவன் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும் என்ன?"

எலிசா அடுப்படிக் கதிரையில் இருந்தாள்.

"தெரியும்," என்றாள்.

"ஏன் சொல்லேல்ல?"

"நீ வாறன் எண்டு சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு இருந்தனான்."

ரயில் வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.

வெளியே ஞானேந்திரன் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் கதவடிக்கு வந்து நின்றாள். அவன் துணியைப் பிழிந்தான். வாளித் தண்ணீரைப் புல்லில் ஊற்றினான்.

*

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் சுவாமி சொன்னார், ஞானத்தகப்பன் வர முடியாவிட்டால் அவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்கலாம், புத்தகத்தில் வராதவரின் பேர்தான் ஏறும் என்று. ஞானேந்திரன் நின்றான். அவன் பிறப்பால் சைவக்காரன். கலியாணத்துக்காக வேதத்துக்கு மாறியவன், செபங்கள் பாதிதான் தெரியும். மீதிக்கு உதட்டை அசைத்தான். குழந்தை தண்ணீர் பட்டதும் வீரிட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

முடிந்த பிறகு பின் அறையில் சுவாமி பெரிய புத்தகத்தை விரித்து எழுதினார். பிரெஞ்சு எழுத்தில், சாய்வாக, நிதானமாக. சான்றிதழைப் பார்த்துப் பார்த்து எழுதினார். எலிசா பக்கத்தில் நின்றாள். ஜெறோம். பிறகு நீக்கிலாப்பிள்ளை. நீளமான பேர். கட்டத்துக்குள் கொள்ளவில்லை. கடைசி எழுத்துகள் கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போயின.

"பதிலுக்கு நின்றவர் பேரும் எழுத வேணுமோ சுவாமி?" என்று ஞானேந்திரன் கேட்டான்.

"சின்னதாக ஓரத்தில் எழுதுவோம்."

"எழுதாட்டியும் பரவாயில்லை," என்றான். "நான் சும்மா சாரதி."

வீட்டில் கணவாய்க் கறியை வந்திருந்த பிள்ளைகள் தொடவில்லை. பெரியவர்கள் சாப்பிட்டார்கள். புது உறை போட்ட தலையணையில் லோஜினி குழந்தையைக் கிடத்தினாள். அது அங்கேயே நித்திரையானது. எலிசா சேட்டை எடுத்து அலுமாரியில் வைத்தாள். பிறகு வெளியே எடுத்தாள். பொதியின் பழைய பெட்டி இன்னும் இருந்தது. மஞ்சள் சீட்டை நகத்தால் சுரண்டினாள். களஞ்சியத்தில் இதைச் செய்ய ஒரு திரவம் இருக்கிறது. இங்கே தண்ணீர்தான். சீட்டு கிழிந்து கிழிந்து வந்தது. அடியில் அவள் எழுதிய பேர் அழியாமல் இருந்தது.

அதை வாசித்தாள். கந்தோர் லாச்சிக்குள் ஒரு உறையில் கிடக்கிற பேர். அதைத் தந்தவள் சொன்னது, எங்கேயாவது போய் இருக்கட்டும் என்று. அவள் தம்பியை அந்தப் பேர்தான் விமானத்தில் ஏற்றியது. முகாம் முகாமாக அவனுக்குப் பதிலாக வரிசையில் நின்றது. அது யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை.

*

திங்கட்கிழமை ஐந்து பத்துக்கு அவள் எடுத்தாள். நீண்ட நேரம் அடித்தது. எடுத்தான். கோப்பிச் சத்தம் இல்லை.

"பிள்ளை என்ன செய்யிறாள்?" என்றான்.

"நித்திரை. நேற்று நல்லாக் கத்தினவள்."

"ஆர் நிண்டது?"

"அத்தான். செபம் தெரியாமல் வாயை வாயை அசைச்சவர், மீன் மாதிரி."

அவன் சிரித்தான். சின்னச் சிரிப்பு. அது முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

"உன்ரை பேர் எழுதியாச்சு," என்றாள். "சுவாமி கட்டத்துக்கு வெளியிலயும் எழுதினவர். கொள்ளேல்ல. அது அழியாது, அங்கதான் இருக்கும். மியா வளந்து கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்."

"ஓம்."

"பேர் வந்திட்டுது தம்பி. நீ வரேல்ல."

அவனுடைய சமையலறைக் கடிகாரம் அவளுக்குக் கேட்டது. அவள் ஒருநாளும் பார்த்திராத கடிகாரம். அதன் சத்தம் மட்டும் அவளுக்கு மனப்பாடம்.

"அந்தப் பேரை நான்தான் உனக்கு வேண்டித் தந்தனான்," என்றாள். "பிழையெண்டா என்ரை பிழை. ஆனா அதை அங்க லாச்சியில போட்டிட்டு வராத. அந்த மனிசி படலை மட்டும் வந்து கேட்டவ. அந்தப் பேரில வந்து இறங்கு. இறங்கினாப் பிறகு இந்த வீட்டில ஆரும் உன்னை அப்பிடிக் கூப்பிட மாட்டினம். நான் கூப்பிடமாட்டன்."

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே முதல் பஸ் போனது. அவளுடையது அடுத்தது. பெட்டி மேசையில் இருந்தது. சேட், தூள், இரண்டும் உள்ளே. மூடி இன்னும் ஒட்டவில்லை.

அவள் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ஜெறோம்," என்றாள். "அந்தக் கந்தோர் இண்டைக்கு எத்தினை மணி மட்டும் திறந்திருக்கும்?"